மலை வெயில் சுடாது, கருக்கும்

"வெயிலே இல்லையே அக்கா, இந்த ஊர்ல எதுக்கு சன்ஸ்கிரீன்?" குன்னூரோ கோத்தகிரியோ கொடைக்கானலோ, பார்லர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வருகிற கேள்வி இது. கேட்பவரின் இரண்டு கன்ன மேட்டிலும் பெரும்பாலும் மங்கு படர்ந்திருக்கும். நெற்றியும் மூக்கும் கழுத்தைவிடக் கறுத்திருக்கும். அதைப் போக்கத்தான் பிளீச் போடச் சொல்லி வந்திருப்பார்.

சூடு வேறு, கருக்கும் கதிர் வேறு. காற்று குளிர்ந்திருந்தால் வெயில் உறைப்பது தெரியாது. ஆனால் நிறத்தை மாற்றும் புற ஊதாக் கதிர் சூடாகவும் இருக்காது, கண்ணுக்கும் தெரியாது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் அது ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல், ஊட்டி 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்தில் நிழல் தேடி ஓடுகிறவர், ஊட்டிப் படகுத் துறையில் அதைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகக் கதிரில் ஒரு மணி நேரம் இதமாக நிற்கிறார். மெல்லிய மேகமும் இதில் பெரும்பகுதியைக் கீழே விட்டுவிடும். இன்னொன்றும் உண்டு. நம் அட்சரேகையில் ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 23ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். முதலாவது கோடை சீசன், எல்லாரும் வெளியில் திரியும் நேரம். இரண்டாவது மழை மூடாப்புக் காலம், யாரும் வெயிலை நினைத்தே பார்க்காத நேரம். கருவி எதுவும் வேண்டாம், உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை என்று அர்த்தம்.

ஆக, மலையில் இருப்பவரின் தோலில் வெயிலில் கருமை ஏறுகிறது, குளிர்காற்றில் ஈரம் போகிறது. பிளீச், ஸ்க்ரப், பீல், வேக்சிங் எல்லாமே மேல்தோலிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுக்கிற வேலைகள். எடுக்க அங்கே மிச்சம் இருக்கிறதா என்று பார்க்காமல் கை வைத்தால், பளபளப்பு ஒரு வாரம் இருக்கும், கருமை ஆறு மாதம் இருக்கும். நம் நிறத்துத் தோலில் எரிச்சல் வந்து ஆறிய இடமெல்லாம் கறுத்துத்தான் ஆறும். நிறத்துக்காகச் செய்த வேலையே நிறத்தைக் கெடுப்பது இப்படித்தான்.

மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது கடினமல்ல. காலையில் ஜன்னல் ஓரம் நின்று, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி முகத்தைத் திருப்பி, கண்ணாடியில் கன்னத்தைப் பாருங்கள். நலமான தோலில் வெளிச்சம் பரவலாக, மென்மையாகத் தெரியும். வறண்டு பழுதான தோலில் அது பிளாஸ்டிக் தாள் போல மினுங்கும். அந்த மினுக்கத்துக்குள் வற்றிய குளத்தின் தரை மாதிரிச் சின்னச் சின்னக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். மூக்கின் இரண்டு மடிப்பிலும் மாவு தூவியதுபோல் வெள்ளைப் பொருக்கு நிற்கும். இந்த மினுக்கத்தைத்தான் பலர் 'க்ளோ' என்று நினைத்துக்கொள்கிறார்கள். இன்னொரு அடையாளம்: முகம் கழுவி ஐந்து நிமிடத்தில் தோல் இழுத்துப் பிடிக்கும், வழக்கமாகப் போடும் க்ரீமே சுள்ளென்று எரியும். இந்த நிலையில் வருகிறவருக்கு எந்த வேலையும் செய்யாமல் திருப்பி அனுப்புவதுதான் நல்ல பார்லருக்கு அழகு. அன்றைய வருமானம் போகட்டும்.

அவர் வீட்டில் செய்ய வேண்டியது இரண்டு வாரப் பத்தியம். சீரம், ஸ்க்ரப், கடலைமாவு, எலுமிச்சை எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். கடலைமாவு தேய்த்தெடுக்கும். எலுமிச்சைச் சாறு கடும் அமிலம், அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமே வரும். சோப்பும் முகத்துக்கு வேண்டாம். தோல் 5ஐ ஒட்டிய பிஎச் அளவில் லேசான அமிலத் தன்மையோடு இருப்பது. சாதாரண சோப்புக் கட்டி 9, 10 என்று காரமாக இருக்கும். காலையில் வெறும் தண்ணீர், இரவில் ஒரு தடவை சோப்பு கலக்காத ஃபேஸ்வாஷ், அவ்வளவு போதும்.

குளியல்தான் மலையில் பெரிய சிக்கல். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியை அடுத்த தலைகுந்தாப் பக்கம் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும்போது, ஆவி பறக்கும் தண்ணீரில் அரைமணி நேரம் நிற்கத்தான் மனம் போகும். அந்தச் சூடு தோலிலிருக்கும் எண்ணெய்ப் பசையைக் கரைத்துக்கொண்டு போய்விடும். முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட வேண்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுதும் காய்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசர் போட்டுவிடுங்கள். அட்டையில் கிளிசரினும் செராமைடும் இருக்கிறதா பாருங்கள். அதற்கு மேல் வெடிக்கும் இடங்களில் மட்டும் ஒரு மிளகளவு பெட்ரோலியம் ஜெல்லி. ஈரத்தைக் கொடுப்பது முதல் பூச்சு, அதை வெளியே போகவிடாமல் மூடுவது இரண்டாவது. முதலாவது இல்லாமல் ஜெல்லியை மட்டும் காய்ந்த தோலில் பூசினால் பாதிப் பயன்தான்.

கிளிசரினை அப்படியே பாட்டிலிலிருந்து எடுத்துப் பூசும் வழக்கம் மலை வீடுகளில் நிறைய. கிளிசரின் தண்ணீரை இழுப்பது. காற்று வறண்டிருக்கும் பனிக்காலத்தில் இழுக்கக் காற்றில் ஈரம் இல்லாவிட்டால் தோலின் உள்ளிருந்தே இழுக்கும். ஒரு பங்கு கிளிசரினுக்கு நாலு பங்கு பன்னீர் கலந்து, ஈர முகத்தில் தடவி, மேலே க்ரீம் போட்டு மூடினால் சரியாக வேலை செய்யும்.

சன்ஸ்கிரீனில் எல்லாரும் எஸ்பிஎஃப் என்ற காப்பு எண்ணைப் பார்த்து வாங்கி, அளவில் கோட்டை விடுகிறார்கள். எஸ்பிஎஃப் 30 தோலைச் சுடும் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 ஏறக்குறைய 98. அந்த ஒரு சதவீதத்தைவிட முக்கியம் எவ்வளவு பூசுகிறோம் என்பது. சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுப்பது முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளைக்கான அளவு, சுமார் ஒரு கிராம். காலையும் மதியமும் போட்டால் 50 கிராம் ட்யூப் 25 நாளில் தீர வேண்டும். உங்கள் ட்யூப் நாலு மாதமாக ஓடுகிறது என்றால் நீங்கள் பூசுவது சன்ஸ்கிரீன் இல்லை, அதன் வாசனை. மங்கு உள்ளவர்கள் நிறம் கலந்த, இரும்பு ஆக்சைடு இருக்கும் வகையை வாங்குங்கள். மங்கைத் தூண்டுவதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்குண்டு, அதை வெள்ளைக் க்ரீம் தடுக்காது. ஜன்னல் கண்ணாடியும் பாதிக் காவல்தான். சுடும் கதிரைத் தடுத்து, கருக்கும் கதிரில் நிறைய உள்ளே விடும். பஸ்ஸில் தினமும் ஒரே பக்கம் உட்கார்ந்து போகிறவர்களின் அந்தப் பக்கக் கன்னம் ஒரு மாற்றுக் கூடக் கறுத்திருப்பதை நேரிலேயே பார்க்கலாம்.

கொழுந்து பறிக்கப் போகும் பெண்களுக்கு இரண்டு மணிக்கு ஒருமுறை க்ரீம் போடு என்று சொல்வது நடக்கிற காரியம் இல்லை. அவர்களுக்கு முதல் காவல் துணிதான். தலையில் கட்டும் துண்டு நெற்றியோடு நின்றுவிடாமல், முன்னால் நாலு விரல் அகலத்துக்குத் தாழ்வாரம் மாதிரி நீட்டி நிற்க வேண்டும். விளிம்பு வைத்த தொப்பியை முதலில் போட்டு, அதன் மேல் துண்டைக் கட்டினால் அப்படி நிற்கும். காலையில் ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது ஒரு தடவை சன்ஸ்கிரீன் என்றால் நடக்கும்.

பார்லர் வேலைக்கு வருவோம். கீழே கோயம்புத்தூரில் பழகிவிட்டு மேலே வந்து தொழில் தொடங்கும் பெண்களின் கை தவறுவது பெரும்பாலும் குளிரால்தான். வேக்ஸ் மலைக் குளிரில் கத்தியிலேயே இறுகிவிடும். இழுக்க வரவில்லையே என்று சூட்டை ஏற்றுவார்கள், வாடிக்கையாளர் கையில் கொப்புளம் வந்துவிடும். ஏற்ற வேண்டியது வேக்ஸின் சூட்டை அல்ல, அறையின் சூட்டை. ஹீட்டரைக் கால் மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்த பிறகே அவர் தோலைத் தொடுங்கள். ஒரே இடத்தில் இரண்டாம் முறை ஸ்ட்ரிப் இழுக்க வேண்டாம். மிஞ்சிய முடியை ட்வீசரால் எடுங்கள்.

பிளீச்சிலும் இதே தவறுதான். குளிர்ந்த அறையில் முடி நிறம் மாறத் தாமதமாகும். உடனே ஆக்டிவேட்டர் பொடியை ஒரு சிட்டிகை கூடப் போடுவது, இல்லையென்றால் பத்து நிமிடத்தை இருபதாக்குவது. அட்டையில் போட்டிருக்கும் விகிதமும் நேரமும்தான் உச்ச வரம்பு. அதற்குள் மாறாவிட்டால் கழுவிவிட வேண்டும், இன்னொரு முறைக்குக் குறைந்தது மூன்று வாரம் இடைவெளி விட வேண்டும். பிளீச் முகத்து முடியின் நிறத்தைத்தான் மாற்றுகிறது, மங்கை எடுக்காது என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மங்குக்கு ஆவி பிடிப்பதும் ஆகாது, சூடு அதைக் கூட்டும்.

த்ரெட்டிங்குக்கு முன் ஒரு கேள்வி கட்டாயம்: "ராத்திரி ஏதாவது க்ரீம் போடுறீங்களா? பருவுக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா?" ரெட்டினால், ட்ரெட்டினாயின் போடுகிறவரின் மேல்தோல் எளிதில் உரியும். நூல் ஓடிய இடத்தில் மேலுதட்டில் தோல் பட்டையாக வந்துவிடும். சிவந்து, பொருக்குத் தட்டி, ஒரு வாரத்தில் மீசை போலக் கறுப்பு நிற்கும். அந்தக் க்ரீமைக் குறைந்தது ஒரு வாரம் நிறுத்திய பிறகே நூல் வைக்க வேண்டும். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வேக்ஸ் கூடவே கூடாது. மாத்திரை நிறுத்தி ஆறு மாதம் ஆக வேண்டும்.

இனி மருந்துக்கடைக் களிம்பு. மனதை மிகவும் வருத்தும் விஷயம் இதுதான். 'முகம் பளிச்சுனு ஆகணும்' என்று கேட்டால் கையில் கிடைக்கும் ட்யூப்களில் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்தவை உண்டு. தோல் டாக்டர் மங்குக்குச் சில வாரங்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்து, கண்காணித்து நிறுத்தும் மருந்து அது. 2018இல் மத்திய அரசு தோலில் பூசும் ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இருந்தாலும் அக்கா தங்கைக்கும், பக்கத்து வீட்டுக்கும் ட்யூப் கை மாறிக்கொண்டே இருக்கிறது. ஸ்டீராய்டுகளின் பெயரைப் படித்துப் பழகுங்கள்: பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன். இவற்றில் ஒன்று அட்டையில் இருந்தால் அது அழகு க்ரீம் அல்ல.

முதல் பத்து நாள் முகம் வெளுத்து, பரு அடங்கி, ஊரே விசாரிக்கும். சில மாதத்தில் ஒரு நாள் போடாமல் விட்டால் முகம் சிவந்து எரியும். வெயிலிலோ அடுப்புப் பக்கமோ நிற்க முடியாது. கன்னத்தில் தோல் மெலிந்து சிவப்பு நூல் போல ரத்தக் குழாய்கள் தெரியும், மெல்லிய முடி முளைக்கும், பரு கொத்தாக வரும். மலையில் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் தாமதமாகிறது. குளிரில் கன்னம் சிவப்பது இங்கே சகஜம் என்பதால், 'பனிக்குத்தான்' என்று விட்டுவிடுவார்கள். வேறுபாடு இது: குளிரால் வந்த சிவப்பு வீட்டுக்குள் வந்து அரைமணி நேரத்தில் தணியும், தொட்டால் எரியாது. களிம்பால் வந்த சிவப்பு தணியாது, தண்ணீர் பட்டாலே எரியும். மாதக்கணக்கில் போட்டவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டாம். அப்போது முகம் கொதித்துப்போய் மறுபடி அதே ட்யூபைத் தேடச் சொல்லும். எப்படிப் படிப்படியாக விடுவது என்பதைத் தோல் டாக்டர்தான் சொல்ல வேண்டும். தனியார் கட்டணத்துக்கு வழியில்லையென்றால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

அட்டையே இல்லாமல் வரும் வெள்ளைக் க்ரீம்கள் இன்னும் மோசம். கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக இறங்கினால் வருவது மலப்புரம் மாவட்டம். அங்கே கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரகத்திலிருந்து புரதம் ஒழுகும் நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு நோயில் ஒரே வகையான அடையாளம். அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் க்ரீம் போட்டவர்கள். காரணம் பாதரசம். நம் நாட்டு விதிப்படி கண்ணுக்குப் போடுபவை நீங்கலாக மற்ற அழகுப் பொருட்களில் பாதரசம் தவிர்க்க முடியாமல் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எனவே தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், உட்பொருள் பட்டியல் மூன்றும் இல்லாத டப்பாவை வாங்கவே வேண்டாம். 'பூசும்போது தங்கம், வெள்ளி நகை படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதியிருந்தால் உடனே கீழே வைத்துவிடுங்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டும் என்பதால்தான் அந்த எச்சரிக்கை.

கணப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனிக்காலம் முழுக்கக் கரி அடுப்பையோ ஹீட்டரையோ காலடியில் வைத்து உட்காருகிறவர்களின் முன்னங்காலில் வலை விரித்தது மாதிரிப் பழுப்புக் கோடுகள் விழும். ஒவ்வொரு கண்ணியின் நடுவிலும் தோல் பழைய நிறத்தில் இருக்கும், விளிம்பு மட்டும் கறுத்திருக்கும். இதை அழுக்கு என்று பீர்க்கங்கூட்டால் தேய்ப்பவர்கள் உண்டு, டேன் பேக் போடச் சொல்பவர்களும் உண்டு. தேய்த்தால் போகாது. திரும்பத் திரும்ப படும் சூட்டால் வரும் தழும்பு அது. கணப்பை மூன்றடி தள்ளி வைத்து, காலுக்குக் கம்பளி உறை போட்டால், புதிதாக விழுந்தது சில மாதத்தில் மெல்ல மங்கும். வருடக்கணக்கில் ஆனது நின்றுவிடும், அதில் புண்ணோ தடிப்போ வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஊட்டிக் கடைகளில் விற்கும் நீலகிரித் தைலமும் கல்தேரியாத் தைலமும் முகத்துக்கு இல்லை. கல்தேரியா என்பது ஏறக்குறைய முழுக்க மீத்தைல் சாலிசிலேட். மூட்டுவலிக்குத் தேய்ப்பதைப் பருவில் வைத்தால் தோல் வெந்துவிடும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், கொஞ்சம் குடித்தாலே உயிருக்கு ஆபத்து. வாசனைக்காக உடம்பு எண்ணெயில் ஜெரேனியம் மாதிரி ஏதாவது சேர்ப்பதாக இருந்தால், 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு ஆறு சொட்டு போதும். ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்போ வெள்ளைப் புள்ளியோ தெரிந்தால் அன்றே விடுங்கள். சில பசைகளில் இருக்கும் ரசாயனம் அந்த இடத்தின் நிறமியையே அழிக்கும். தேமல் போல வெளுத்த இடத்தில் தொடு உணர்ச்சியும் குறைந்திருந்தால் அது பார்லர் வேலையே இல்லை, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

கல்யாணப் பெண்கள் பத்து நாளைக்கு முன் வந்து நிற்காமல் மூன்று மாதத்துக்கு முன் வந்தால் நிறைய செய்யலாம். மேல்தோல் ஒரு சுற்று புதுப்பிக்க இளவயதில் ஏறக்குறைய நாலு வாரம் ஆகும். மங்கு வெளுக்க மூன்று மாதமாவது வேண்டும். முதல் இரண்டு வாரம் மேலே சொன்ன பத்தியம். மூன்றாம் வாரம் ஒரே ஒரு புதுப் பொருள், நியாசினமைடு 5 சதவீதமோ அசெலாயிக் அமிலம் 10 சதவீதமோ. அதையும் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு வாரம் தினம் இரண்டு வேளை தடவிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு. ஃபேஷியல் ஒத்துக்கொள்கிறதா என்பதைக் கல்யாணத்துக்கு நாலு வாரம் முன்பே பார்த்துவிட வேண்டும். அதன் பிறகு புதிதாக எதுவும் முகத்தில் ஏறக் கூடாது, அத்தை வாங்கி வந்த ஃபாரின் க்ரீம் உட்பட. த்ரெட்டிங், வேக்சிங் மூன்று நாள் முன்பு. தலைச்சாயம் போடுவதாக இருந்தால் அதே டப்பாச் சாயத்தைக் காதின் பின்னால் வைத்து 48 மணி நேரம் பார்த்தாக வேண்டும், போன தடவை ஒன்றும் செய்யவில்லை என்றாலும்.

கல்யாணம் கீழே என்றால் இரண்டு நாள் முன்பே இறங்கிவிடுவது நல்லது. மலைக்கு ஏற்ற கனமான க்ரீம் பொள்ளாச்சிப் புழுக்கத்தில் பருவைக் கிளப்பும், லேசான லோஷனுக்கு மாறிக்கொள்ளலாம்.

உதட்டுக்கு மட்டும் வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள், கடைச் சரக்கைவிட நன்றாக இருக்கும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஊட்டியில் வருடத்தில் பெரும்பாலான நாள் பாட்டிலைக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. அதனால் சமவெளியில் சொல்லும், ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு எண்ணெய் என்ற கணக்கில் செய்தால் இங்கே மெழுகுக்கட்டியாகி, உதட்டை இழுக்கும். தேன்மெழுகு 10 கிராம், தேங்காய் எண்ணெய் 25 கிராம், உறையாத நல்லெண்ணெய் 25 கிராம். தேன்மெழுகைத் துருவி ஒரு கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் தண்ணீருக்குள் அந்தக் கிண்ணத்தை வையுங்கள். மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும், நேரடித் தீயில் வைத்தால் புகைந்து வாசம் கெடும். உருகியதும் எண்ணெய்களை ஊற்றினால் முதலில் வெள்ளையாகத் திரியும். பயப்படாமல் கிளறுங்கள், மறுபடி தெளிந்துவிடும். அப்போதே சின்ன டப்பாக்களில் ஊற்றி, மூடாமல் ஆறவிடுங்கள். சூடாக மூடினால் மூடியில் வேர்க்கும் தண்ணீர் உள்ளே சொட்டிப் பூஞ்சணம் பிடிக்கும். தண்ணீர் படாதவரை மூன்று மாதம் இருக்கும். தேதி எழுதி ஒட்டிவையுங்கள். கீழே இருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தனுப்புவதாக இருந்தால் மெழுகை 16 கிராமாக்குங்கள், இல்லாவிட்டால் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் டப்பாவில் எண்ணெயாக ஆடும்.